போட்டோஷாப் சந்தா கட்டுப்படியாகவில்லை: கல்யாண வேலை பார்க்கிற சின்ன ஸ்டூடியோவுக்கு என்ன மாற்று? (கடலூர், புதுச்சேரி)

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கடையில் பாஸ்போர்ட் சைஸ், கூடவே ஃபிளெக்ஸ் டிசைன். நானும் உதவிக்கு ஒரு தம்பியும்தான்.

போட்டோஷாப்பும் லைட்ரூமும் சந்தா கட்டித்தான் ஓட்டுகிறோம். தை, வைகாசி, ஆவணியில் அந்தப் பணம் கண்ணுக்கே தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது, கார்டில் மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. தம்பியும் அதே நேரத்தில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு சந்தா.

கேமரா கேனான், சிஆர்3 ரா ஃபைல் (கேமரா பதிகிற மூலப் படம்). ஒரு சிஸ்டத்தில் 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. இன்னொன்றில் 8 ஜிபி. இரண்டும் விண்டோஸ் 10. தரம் குறையக் கூடாது, பிரிண்ட் போடுகிற லேபில் இருந்து ஆல்பம் ஷீட் திரும்பி வரக் கூடாது. கிராக் (திருட்டு நகல்) போடச் சொல்லாதீர்கள், அது வேண்டாம். கையில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லாஸ்பேட்டை லென்ஸ்

ஜிம்ப் போடுங்கண்ணே. இலவசம். வேற எதுவும் தேட வேணாம்.

பண்ருட்டி ஆல்பம்

தம்பி, அவர் கேட்டது கல்யாண வேலை. ஒரே பேரைச் சொல்லி முடிச்சிட முடியாது.

ஆல்பம் ஷீட் 12×36 இன்ச். 300 டிபிஐ-யில் (இன்ச்சுக்கு 300 புள்ளி) 10,800 × 3,600 பிக்சல் வருது. எட்டு பிட்டில் ஒரு முழு லேயருக்கே கிட்டத்தட்ட 117 எம்பி. அதுமேல பார்டர், பூ, நிழல், பத்துப் பதினைஞ்சு படம்னு அடுக்கினா 8 ஜிபி சிஸ்டம் திணறத்தான் செய்யும், மென்பொருள் எதுவா இருந்தாலும் சரி. அதனால அண்ணன் முதல்ல அந்த ரெண்டாவது சிஸ்டத்துக்கு ராம் ஏத்துங்க. ஒரே தடவை செலவு, எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

அடுத்து டெம்ப்ளேட். நாங்க எல்லாரும் பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப் ஃபைலா வர்ற டெம்ப்ளேட்டை வச்சுத்தான் வேலையை ஓட்டுறோம். அதுக்குள்ள ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிளிப்பிங் மாஸ்க், அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எல்லாம் இருக்கும். ஜிம்ப் 3.0-ல அதைத் திறந்தா ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வெறும் படமா வந்து உட்காரும். டபுள் கிளிக் பண்ணி உள்ள போட்டோ மாத்துற வசதி போயிடும். கல்யாண சீசன்ல அந்த ஒரு வசதி இல்லைன்னா ஒரு ஆல்பத்துக்கு ராத்திரி முழுக்க உட்காரணும்.

பிஎஸ்டி-யை அதே மாதிரி திறக்கறதுன்னா போட்டோபியாதான். பிரவுசர்லயே ஓடுது. செக் நாட்டுல இருக்கிற இவான் குட்ஸ்கிர்னு ஒருத்தர் 2013-ல ஆரம்பிச்சது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் திறக்குது, மாஸ்க் திறக்குது, ஷார்ட்கட்டும் நம்ம கைக்குப் பழகினதுதான். ஃபைல் அவங்க சர்வருக்குப் போறதில்லை, நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கு. பக்கத்துல விளம்பரம் ஓடும், அது வேணாம்னா பணம் கட்டணும். ஆனா பிரவுசருக்குக் கிடைக்கிற மெமரிதான் அதுக்கு எல்லை. நாலைஞ்சு படம் இருக்கிற ஷீட்டுக்கு நல்லா போகும். கனமான 12×36-க்கு 8 ஜிபி சிஸ்டத்துல அதை நம்பாதீங்க.

பாண்டி கல்யாண கேமரா

மஞ்சக்குப்பம் அண்ணே, "போட்டோஷாப்புக்குப் பதில் எது"ன்னு தேடினா கடைசி வரைக்கும் கிடைக்காது. உங்க கடையிலிருந்து வெளியே போற வேலை என்னென்னன்னு பாருங்க. ராவைத் தரம் பிரிச்சுக் கலர் பண்றது ஒரு வேலை. ஷீட் டிசைன் இன்னொண்ணு. பாஸ்போர்ட் சைஸ், ஃபிளெக்ஸ் தனி. இது ஒவ்வொண்ணுக்கும் இலவசமாவே நல்ல கருவி இருக்கு. நாம சந்தா கட்டிப் பழகினதால எல்லாத்தையும் ஒரே கடையில வாங்கணும்னு நினைக்கிறோம்.

முதல் வேலை, ரா. நான் டார்க்டேபிள்லதான் பண்றேன். 2009-ல இருந்து இருக்கிற திறமூல மென்பொருள், விண்டோஸுக்கும் வருது. சிஆர்3 ஃபைல் 3.8 பதிப்பிலிருந்து திறக்குது. கிராபிக்ஸ் கார்டு இருக்கிற 16 ஜிபி சிஸ்டத்துல போடுங்க, அந்தக் கார்டையும் வேலை வாங்குற ஓபன்சிஎல் ஆன் ஆச்சுன்னா வேகம் நல்லா தெரியும்.

மண்டபத்து வெளிச்சம் உங்களுக்குத் தெரியும். மேடையில ஊதா எல்இடி, வீடியோக்காரர் பக்கத்துல இருந்து மஞ்சளா ஒரு லைட். பொண்ணு முகத்துல பாதி ஊதா, பாதி மஞ்சள். ஒரே ஒயிட் பேலன்ஸ் வச்சா ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் கெடும். டார்க்டேபிள்ல கலர் காலிபரேஷன்னு ஒரு மாட்யூல் இருக்கு. அதையே ரெண்டு தடவை போடலாம். முதல்ல மொத்தப் படத்துக்கும் எல்இடி-யைக் கணக்கு வச்சு ஒண்ணு. ரெண்டாவதுக்கு மஞ்சள் விழுற கன்னத்தைச் சுத்தி மாஸ்க் வரைஞ்சு, ஓரத்தை நல்லா மங்கலாக்கிட்டு, அதுக்கு மட்டும் தனியா பேலன்ஸ் பண்ணணும். கழுத்து நகையோட தங்க நிறம் மாறாம தோல் மட்டும் சரியாகும். ஒரு படத்துக்குச் சரி பண்ணிட்டா, படமெல்லாம் வரிசையா தெரியுற லைட்டேபிள் பக்கத்துல கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி போட்டு அதே வெளிச்சத்துல எடுத்த மத்த படத்துக்கெல்லாம் ஏத்திடலாம். முகம் நகர்ந்த படத்துல மாஸ்க்கை மட்டும் இழுத்து வைக்கணும்.

கத்துக்க நாளாகும், அதை மறைக்க மாட்டேன். லைட்ரூம் மாதிரி நாலு ஸ்லைடர் தள்ளிட்டுப் போறது இல்ல. எக்ஸ்போஷர், கலர் காலிபரேஷன், கான்ட்ராஸ்ட்டுக்கு சிக்மாய்டு, நாய்ஸுக்கு டீநாய்ஸ் புரொஃபைல்டு, இந்த நாலு மட்டும் முதல்ல போதும். மத்ததைத் தொடாதீங்க.

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ

அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. 8 ஜிபி சிஸ்டத்தில் தம்பிக்கு ராவுக்கு எதைக் கொடுக்கலாம்?

பாண்டி கல்யாண கேமரா

கேனான்காரங்களோட டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல். கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு இலவசம். கேமராவோட கலர் அப்படியே வரும், கத்துக்கறதுக்கும் எளிது. நிக்கான்காரங்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். காசு குடுத்து வாங்கின கேமராவோட உரிமையா வர்ற மென்பொருள் இது. நம்ம ஊர்ல நிறைய பேர் இன்ஸ்டால்கூடப் பண்றதில்லைங்கிறது எனக்கு வருத்தம்.

நெய்வேலி ஃபிளெக்ஸ்

ஃபிளெக்ஸ் பக்கம் யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். எங்களுக்கு வருகிற டிசைனில் பாதித் தலைவலி தமிழ் எழுத்தால்தான்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் யூனிகோடு எழுத்துருவில் "கொண்டாட்டம்", "சௌந்தர்யம்", "ஸ்ரீ" என்று மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து, கால் பின்னால் வந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். கொம்பு பின்னால் போய் உட்கார்ந்தாலோ, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தாலோ அங்கே தமிழ் தட்டாதீர்கள். ஜிம்ப், வடிவம் வரைகிற இங்க்ஸ்கேப் இரண்டிலும் எழுத்தைக் கோக்கிற வேலையைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்கிற உள் நிரல்கள் செய்கின்றன, தமிழ் ஒழுங்காக வரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில்கூட டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியாகும். அஃபினிட்டி என்கிற டிசைன் மென்பொருளில் இரண்டாம் பதிப்பு வரை தமிழ் உடைந்துதான் வந்தது.

என் வழி இது. தலைப்பு, மணமக்கள் பெயர், தேதி எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப்பில் தட்டுவேன். அளவும் எழுத்துருவும் முடிவானதும் பாதையாக மாற்றிவிட்டு எஸ்விஜி-யாகச் சேமிப்பேன். அதற்குப் பிறகு அது எழுத்து கிடையாது, வெறும் வடிவம். எந்த மென்பொருளில் கொண்டுபோய் வைத்தாலும் உடையாது, பத்தடி பேனருக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. மாற்றுவதற்கு முந்தைய ஃபைலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் கடைசி நிமிடத்தில் தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு என்று கண்டிப்பாக வருவார்கள்.

சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மைக்கான நான்கு நிற முறை பற்றி: ஜிம்ப் உள்ளே திரைக்கான ஆர்ஜிபியில்தான் வேலை செய்யும். 3.0-இல் அச்சுக்கான கலர் புரொஃபைல் கொடுத்து, டிஃப் அல்லது ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது சிஎம்ஒய்கே-ஆக எடுக்கலாம். உள்ளேயே சிஎம்ஒய்கே வேண்டுமென்றால் கிரிட்டா, அஃபினிட்டி. ஆல்பத்துக்கு இந்தக் கவலை வேண்டாம், லேபுகள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் தான் கேட்கிறார்கள். 10×8 அடி பேனருக்கு 72 டிபிஐ போதும், 8,640 × 6,912 பிக்சல். 300-இல் அனுப்பி எங்கள் சிஸ்டத்தைத் தூங்க வைக்காதீர்கள்.

லாஸ்பேட்டை லென்ஸ்

பாஸ்போர்ட் சைஸுக்கு ஜிம்ப் போதும்தானே? நான் காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் அதுலதான் பண்றேன்.

பண்ருட்டி ஆல்பம்

தாராளமா. 35×45 மில்லிமீட்டர்னா 300 டிபிஐ-ல 413 × 531. சுத்தி வெள்ளை விட்டுக் கேன்வாஸை 435 × 550 ஆக்கிக்கோ. ஃபில்டர்ஸ், மேப், டைல்ல போய் 1740 × 1100 குடு. எட்டு படம் வரிசையா நிக்கும். அப்புறம் கேன்வாஸை 1800 × 1200 ஆக்கினா 4×6 பேப்பருக்கு ரெடி.

அரியாங்குப்பம் அக்கா

நான் கணக்கு எழுதுகிற தொழில், மூன்று ஸ்டூடியோக்களுக்குப் பார்க்கிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

"இலவசம்" என்று போட்டிருப்பதெல்லாம் கடைக்கு இலவசம் இல்லை. படம் பார்க்கிற மென்பொருட்களான இர்ஃபான்வியூ, ஃபாஸ்ட்ஸ்டோன், எக்ஸ்என்வியூ மூன்றும் வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம். கவுன்டர் சிஸ்டத்தில் போட்டால் உரிமம் வாங்க வேண்டும். விலை பெரிதாக இல்லை, வாங்கிவிடுங்கள். ஜிம்ப், டார்க்டேபிள், ராதெரபி, இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகியவை ஜிபிஎல் உரிமத்தில் வருபவை. அவற்றை வைத்து எவ்வளவு சம்பாதித்தாலும் யாரும் கேட்க முடியாது, எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம்.

அடுத்தது கிராக். மஞ்சக்குப்பம் தம்பி வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விலக்கலாம். கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. போலீஸ் வராவிட்டாலும் வைரஸ் வரும். ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ஸ்டாப் என்கிற ரான்சம்வேர் பரவியதே முக்கியமாகக் கிராக் ஃபைல் வழியாகத்தான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒரே இரவில் ரா எல்லாம் பூட்டிக்கொண்டது. கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? அந்த வீட்டாரிடம் போய் என்ன சொல்வது?

சந்தாவை நிறுத்துவதற்கு முன் உங்கள் திட்டத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். "வருடத் திட்டம், மாதாமாதம் செலுத்துவது" என்றிருந்தால் நடுவில் நிறுத்தினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றுதான் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கிற எஃப்டிசி அனுப்பிய புகாரின் பேரில், போட்டோஷாப் கம்பெனியான அடோபி மேல் 2024 ஜூனில் நீதித்துறை வழக்குப் போட்டது. புதுப்பிக்கும் தேதியைப் பார்த்து அதை ஒட்டி நிறுத்துங்கள்.

வில்லியனூர் டிசைன்

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதி கொடுங்கள். நான் வெளியூர் ஸ்டூடியோக்களுக்கும் ஆல்பம் டிசைன் செய்கிறேன். வருகிறதும் பிஎஸ்டி, திருப்பிக் கொடுக்கிறதும் பிஎஸ்டி. எனக்குப் போட்டோஷாப் இல்லாமல் ஆகாது. அதில் வேலையைத் தானாகச் செய்கிற ஆக்‌ஷன் எழுதி வைத்திருக்கிற நேரமும் காசுதான். மாதத்துக்கு இவ்வளவு ஷீட் என்று வருகிறவர் சந்தாவை ஷீட் கணக்கில் வகுத்துப் பார்க்கட்டும். ஒரு ஷீட்டுக்குச் சில ரூபாய்தான் வருமென்றால் விட வேண்டியதில்லை.

பாண்டி கல்யாண கேமரா

சரிதான் தோழர், உங்க வேலை அப்படி. ஆனா மஞ்சக்குப்பம் அண்ணன் தன்னோட கடைக்கு மட்டும்தான் ஷீட் பண்றார். ஆடியில சைபராலயா வகுக்க முடியும்?

அவருக்கு இப்போ இன்னொரு வழியும் இருக்கு, அஃபினிட்டி. பிரிட்டன்ல செரிஃப் கம்பெனி பண்ணினது. முன்னாடி ஒரே தடவை காசு குடுத்து வாங்கணும். 2024-ல கேன்வா அவங்களை வாங்குச்சு, 2025 அக்டோபர் 30-ல போட்டோ, டிசைனர், பப்ளிஷர் மூணையும் ஒண்ணாக்கி இலவசமாவே விட்டுட்டாங்க. கேன்வா கணக்கு வேணும். ஏஐ வசதிக்கு மட்டும் கேன்வா புரோ கட்டணும், அது இல்லாமலே நம்ம வேலை நடக்கும். 12×36 ஷீட்டுக்கு ஜிம்பைவிட இதுதான் எனக்கு வசதி. அட்ஜஸ்ட்மென்ட் லேயர், மாஸ்க், பேட்ச், மேக்ரோ எல்லாம் இருக்கு, பிஎஸ்டி-யும் லேயரோட திறக்குது. தமிழ் மட்டும் நெய்வேலி சார் சொன்ன மாதிரி இங்க்ஸ்கேப்ல பண்ணிக் கொண்டுவந்து வைங்க.

ஒரே எச்சரிக்கை. இது திறமூலம் இல்ல. இன்னிக்கு இலவசம்னு குடுக்கிறவங்க நாளைக்கு மாத்தினா நாம கேள்வி கேட்க முடியாது. அதனால முடிச்ச ஷீட் ஒவ்வொண்ணையும் அவங்க ஃபார்மேட்ல மட்டும் வைக்காம, டிஃப்பாவும் பிஎஸ்டி-யாவும் எடுத்து வைங்க. ஜிம்ப் 1995-ல ரெண்டு மாணவர்கள் ஆரம்பிச்சது, இன்னும் ஜிபிஎல் உரிமத்துலதான் இருக்கு. 2025 மார்ச்சில வந்த 3.0-ல ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பத் திறந்து மாத்தலாம். அந்த நம்பிக்கைக்காகவே நான் அதையும் சிஸ்டத்துல வச்சிருக்கேன்.

ஓய்வு ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

தொழில்முறைக்காரர்கள் பேசுகிற இடத்தில் நான் வரலாமா தெரியவில்லை. பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சரிசெய்து உறவினர்களுக்கு அனுப்புகிறேன். ஜிம்ப் மட்டும்தான். ஹீல், குளோன் இரண்டு கருவிகளில் கீறலும் மடிப்பும் போய்விடுகின்றன. அம்மாவின் கல்யாணப் படத்தில் முகத்தின் மேல் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. அதைக் குளோன் செய்தால் முகமே மாறுகிறது. ஏஐ செயலியில் போட்டுப் பார் என்று பேரன் சொல்கிறான்.

பாண்டி கல்யாண கேமரா

நீங்க கண்டிப்பா வரணும் ஐயா. ஏஐ-ல மட்டும் அம்மா படத்தைப் போடாதீங்க. அது கறைக்குக் கீழ என்ன இருந்ததுன்னு பார்க்கிறதில்ல, பொதுவா ஒரு பெண் முகம் எப்படி இருக்கும்னு வரையும். பளிச்சுனு இருக்கும், ஆனா அது உங்க அம்மாவா இருக்க மாட்டாங்க.

கறுப்பு வெள்ளைப் படமா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ. மஞ்சள், பழுப்புக் கறை நீல சேனல்ல கறுப்பாத் தெரியும், சிவப்பு சேனல்ல பெரும்பாலும் மறைஞ்சிடும். ஜிம்ப்ல கலர்ஸ் மெனுவுல மோனோ மிக்சரைத் திறந்து சிவப்பை 1, பச்சையையும் நீலத்தையும் 0 வைங்க. கறை மெலிஞ்சு அதுக்குக் கீழ இருக்கிற நிஜ முகம் வரும். மிச்சம் இருக்கிற புள்ளியை மட்டும் ஹீல் பண்ணுங்க. மூலப் படத்தையும் பத்திரமா வைங்க. பாண்டி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கி இருக்காங்க. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறதுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு.

ஓய்வு ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

இப்போதுதான் செய்து பார்த்தேன். இடது கண்ணும் மூக்குத்தியும் தெரிகின்றன. மிக்க நன்றி தம்பி.

மஞ்சக்குப்பம் ஸ்டூடியோ

எல்லாருக்கும் நன்றி. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ராம் ஏற்றச் சொல்லிவிட்டேன். டார்க்டேபிள் என் சிஸ்டத்தில், தம்பிக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல். ஷீட்டுக்கு அஃபினிட்டி, தலைப்புக்கு இங்க்ஸ்கேப், கவுன்டருக்கு ஜிம்ப். சந்தா புதுப்பிக்கும் தேதி வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறோம். ஒரு சந்தேகம். என்னிடம் உள்ள பழைய பிஎஸ்டி-க்களில் தமிழ் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அஃபினிட்டியில் திறந்தால் அதுவும் உடையுமா?

நெய்வேலி ஃபிளெக்ஸ்

உடையாது. அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். கொம்பையும் நாம் தனியாகத் தட்டுகிறோம், எனவே மென்பொருள் எதையும் கோக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்துருவை முதலில் சிஸ்டத்தில் நிறுவிவிட்டுப் பிறகு பிஎஸ்டி-யைத் திறங்கள். இல்லாவிட்டால் வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்து பெயரெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அப்படியே சேமித்துவிட்டால் சிக்கல். வாட்ஸ்அப்பில் கல்யாண வீட்டார் அனுப்புவது யூனிகோடு. அதை இந்த எழுத்துருவுக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் போதும், இலவசம். மாற்றிய பிறகு "ஜ", "ஷ", "ஸ்ரீ" வருகிற பெயர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.